இருபத்தேழாம் நம்பர் ரத்தம்

மொதல்லயே சொல்லிடுறேன், நடுவுல நிறுத்திக் கேள்வி கேக்காதீங்க. எனக்கே பாதி புரியாத சமாச்சாரம் இது. நீங்க வேற குறுக்கால பூந்தா மீதியும் போயிடும்.

கஜபதின்னு ஒருத்தன். பட்டரவாக்கம் ஸ்டேஷன்ல எறங்கி அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள்ள வர்ற வழியில எங்க ஈயக் கம்பெனி. அந்தக் காம்பவுண்டுக்குள்ள, கேட்டை ஒட்டினாப்புல தகரக் கொட்டகை போட்டு டீக்கடை வெச்சிருந்தான். கம்பெனி ஆளு கிடையாது, கம்பெனிக்கு டீ ஊத்துற ஆளு. எண்பத்தி நாலுல வந்தவன். ஒல்லியா, ஒசரமா இருப்பான். வலது கையைத் தலைக்கு மேல தூக்கி, இடது கையை முட்டிக்குக் கிட்ட எறக்கி அவன் டீ ஆத்துறதைப் பாக்கவே லாரி டிரைவருங்க எறங்கி வருவாங்க. ஒரு சொட்டு கீழ சிந்தாது. அந்த வலது கையைப் பத்திதான் சொல்லப்போறேன். அது ஏன் அப்படி ஆச்சு, அதுக்கு நான் காரணமா இல்லையா, இதான் எனக்கு இத்தினி வருஷமா வெளங்காத விஷயம்.

என் பேரு தேவராஜ். அதே கம்பெனியில பர்னஸ்ல இருந்தேன். பழைய பேட்டரியை உடைச்சு, உள்ள இருக்கிற ஈயத் தகட்டை உருக்கி, பாளம் பாளமா ஊத்தி அனுப்புற கம்பெனி. என் டோக்கன் நம்பர் இருபத்தேழு. எனக்குக் கோவம் ஜாஸ்தின்னு எல்லாரும் சொல்லுவாங்க. பர்னஸ் முன்னாடி எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்து சொல்லச் சொல்லுங்க, பாப்போம்.

கஜபதியும் நானும் மேனாம்பேட்டுல ஒரே தெருவுல குடியிருந்தோம். அவன் என்னை மாமேன்னு கூப்புடுவான், நான் அவனை மச்சான்னு கூப்புடுவேன். சொந்தமெல்லாம் ஒண்ணும் கிடையாது, பழகின பழக்கம் அப்படி. அவன் பொண்டாட்டி வசந்தகுமாரிக்கு ஊரு கரையான்சாவடி. அவ என்னை அண்ணேன்னுதான் கூப்புடுவா. ரெண்டு பேருக்கும் புள்ள இல்ல. ரெண்டு தபா உண்டாகி, ரெண்டு தபாவும் நாலாம் மாசத்துல கலைஞ்சுபோச்சு. திருவேற்காட்டு அம்மன் கோயிலுக்கு நடந்தே போயிட்டு வந்தா. எனக்கு மனசு கேக்காது. என்னால இன்னா பண்ண முடியும்? என்னால முடிஞ்சதைப் பண்ணினேன். அதைத்தான் பண்ணித் தொலைச்சேன்.

இன்னான்னு கேளுங்க. ரயில்வே பேட்டரி, லாரி பேட்டரின்னு லோடு லோடா வரும். பெருசுக்கெல்லாம் மரப்பெட்டிதான் கூடு. உள்ளாற தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவுல மெல்லிசா மரப்பட்டை வெச்சிருப்பான். ஈயம் பர்னஸுக்குப் போயிடும், மரம் வேஸ்ட்டு. ஓரமா மலையாட்டம் கெடக்கும். காஞ்சதுன்னா குபுக்குனு பத்திக்கும். அன்னிக்கு விறகு கிடைக்கிறது குதிரைக்கொம்பு. நான் ஷிப்ட் முடிஞ்சு வர்றப்போ ஒரு கோணி நெறைய அமுக்கிக் கொண்டாந்து கஜபதி கொட்டகையில போடுவேன்.

"மச்சான், அடுப்புக்கு."

"நீ நல்லா இரு மாமே."

கடைக்குப் பாதி, ஊட்டுக்குப் பாதி. ஊட்டுக்குப் போறதை அவன் சைக்கிள் கேரியர்ல வெச்சு, பழைய டியூபால நானே இழுத்துக் கட்டிவுடுவேன். ஒம்பது வருஷம். ஒரு நாள் தவறினதில்ல. எனக்குக் காய்ச்சல்னா இன்னொருத்தன்கிட்ட சொல்லி அனுப்புவேன்.

அந்த அடுப்பு முன்னாடி குந்திக்கினு ஊதாங்குழல்ல ஊதி ஊதியே அவன் கண்ணு செவந்து கெடக்கும். காலையில அந்தச் சாம்பலை ஒரு சிட்டிகை எடுத்துத்தான் பல்லு தேய்ப்பான். "பல்பொடி வாங்குடா கஞ்சப்பிசினாறி"ன்னு திட்டுவேன். "இந்த வெளுப்பு எதுல வரும் மாமே"ன்னு பல்லைக் காட்டுவான். வசந்தகுமாரி பாத்திரம் தேய்க்கிறதும் அதே சாம்பல்தான்.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். ஈயத்துல வேலை செய்யறவன் வெல்லமும் வாழைப்பழமும் துன்னா ஒடம்புல இருக்கிற ஈயம் வெளிய போயிடும்னு எங்க கம்பெனியில எல்லாரும் நம்பினோம். தெனம் மூணு மணிக்கு ஆளுக்கு ஒரு அச்சு வெல்லம், ஒரு பழம். எடுத்துக் குடுக்கிறவன் கஜபதி. அவனுக்குக் கிடையாது. அவன்தான் ஈயத்தைத் தொடறவன் இல்லையே.

இப்படியே ஓடிக்கினு இருந்துச்சு. தொண்ணூத்தி மூணுல எல்லாம் மாறிப்போச்சு. எங்க புகை சுத்துப்பட்டு ஊட்டு மேல எல்லாம் எறங்கி, காயப்போட்ட துணியில கரி படியுதுன்னு மேனாம்பேட்டு ஜனம் மனு மேல மனு போட்டாங்க. மனு போட்டவங்கள்ல என் பொண்டாட்டியும் ஒருத்தி, கேட்டுக்கோங்க. மேலேர்ந்து நோட்டீஸ் வந்துச்சு. மணவாளன்னு புது மேனேஜர் வந்தாரு. புகைபோக்கியை ஒசத்திக் கட்டுனாங்க. குளிக்கிறதுக்கு எடம் கட்டுனாங்க. ஹெல்மெட்டு, கையுறை, மூஞ்சிக்கு மாஸ்க்கு, எல்லாம் குடுத்தாங்க. மாஸ்க்கு இல்லாம உள்ள கால் வெச்சா கேட்டுலயே திருப்பி அனுப்பிடுவாங்க. வாரம் ஒரு தபா வர்றதுக்கு சாமுண்டீஸ்வரின்னு ஒரு டாக்டரம்மாவைப் போட்டாங்க. மூணு மாசத்துக்கு ஒரு தபா ரத்தம் எடுத்து, டவுன்ல இருக்கிற லேபுக்கு அனுப்பி, ரத்தத்துல எவ்ளோ ஈயம் இருக்குதுன்னு பாப்பாங்க. நாப்பதைத் தாண்டக் கூடாதாம்.

நல்லதுதான். யாரு இல்லேன்னா? ஆனா மொத தபா எடுத்ததுல சின்னப்பையன்னு ஒருத்தனுக்கு அறுவத்தி ரெண்டு வந்துச்சு. "ரத்தம் சுத்தமானதும் வா"ன்னு ஊட்டுக்கு அனுப்பிச்சாரு மணவாளன். அவன் அப்படியே போனவன்தான். திரும்பக் கூப்புடவே இல்ல. அந்த மொதத் தபா நான் மஞ்சக்காமாலைன்னு லீவுல இருந்தேன். ரெண்டாவது தபா நான் மாட்டியாவணும். சின்னப்பையன் யார்டுல பேட்டரி உடைக்கிறவன், அவனுக்கே அறுவத்தி ரெண்டுன்னா பர்னஸ்காரன் எனக்கு எவ்ளோ இருக்கும்?  முந்தின நாளு அரைக் கிலோ வெல்லம் துன்னேன். அப்பயும் பயம் போவல.

கஜபதிகிட்ட போயி நின்னேன்.

"மச்சான், உன் ரத்தம் சுத்தமா இருக்கும்ல?"

"இன்னா மாமே, ரத்தத்தைப் போயி கேக்குற?"

"எனக்குப் பதிலா நீ கையை நீட்டு. டாக்டரம்மாவுக்கு இன்னும் மூஞ்சி தெரியாது. மாஸ்க்கு போட்டுக்கினா எவன் எவன்னு யாருக்குத் தெரியும்? டோக்கன் நம்பரைத்தான் கூப்புடுறாங்க."

அவன் ஒரு நிமிஷம் யோசிச்சான். அவன் யோசிச்சது அவனைப் பத்தி இல்ல, அந்த நேரத்துல டீ யாரு ஊத்துறதுன்னு. வசந்தகுமாரியை வரச்சொல்லி கடையில நிக்கவெச்சிட்டு, என் காக்கிச் சட்டையையும் மாஸ்க்கையும் மாட்டிக்கினு போயி வரிசையில நின்னான். நான் பாளம் அடுக்கி வெச்சதுக்குப் பின்னாடி பதுங்கிக்கினு பாத்தேன். இருபத்தேழுன்னு கூப்டாங்க. போயி ஒக்காந்து, வலது கையைத்தான் நீட்டுனான். எங்களைக் காப்பாத்தக் குடுத்த மாஸ்க்கை நாங்க இதுக்குத்தான் மொத மொதல்ல ஒழுங்கா போட்டுக்கினோம்.

மூணு வாரம் கழிச்சு ரிசல்ட்டு வந்துச்சு. டாக்டரம்மா என்னைக் கூப்டாங்க.

"இருபத்தேழு நீங்கதானே? உக்காருங்க. உங்களுக்கு எண்பத்தி ஆறு. இந்தக் கம்பெனியிலேயே உங்களுக்குத்தான் அதிகம்."

எனக்குச் சிரிப்பு வந்துச்சு.  எண்பத்தி ஆறா? டீக்கடைக்காரனுக்கா? பர்னஸைத் திரும்பிக்கூடப் பாக்காதவனுக்கா?

அந்தம்மா என் வாயைத் திறக்கச்சொல்லி டார்ச்சு அடிச்சுப் பாத்தாங்க. "பல்லும் ஈறும் சேர்ற எடத்துல நீலமா ஒரு கோடு தெரியணும். காணோமே"ன்னாங்க. ரெண்டு கையையும் நீட்டி மணிக்கட்டை மேல தூக்கச் சொன்னாங்க. தூக்கினேன். சுத்தியாட்டம் ஒண்ணை வெச்சு முட்டியில தட்டினாங்க. காலு எகிறுச்சு.

"வயித்து வலி?"

"இல்ல மேடம்."

"மலச்சிக்கல்? தூக்கம் வராம இருக்கா?"

"நல்லா தூங்குறேன் மேடம்."

"எண்பத்தாறு வெச்சிக்கிட்டு எப்படி இப்படி இருக்கீங்க? எனக்குப் புரியலையே." அந்தம்மா முகத்துல நெசமாவே குழப்பம். எனக்கு மட்டும் இன்னா புரிஞ்சுது? 

நேரா டீக்கடைக்குப் போயி கஜபதி சட்டையைப் புடிச்சேன்.

"டேய், உன் ரத்தத்துல இன்னாடா கீது?"

"டீதான் மாமே கீது. வேற இன்னா இருக்கப்போவுது?"

"எண்பத்தாறுடா! உன்னை நம்பி நாசமாப் போனேன்டா நானு!"

அவனுக்கு அழுவாச்சியே வந்துடுச்சு. உதவி செய்யப்போயி கெடுத்துட்டோமேன்னு அவனுக்குக் கவலை. அவன் ஒடம்பைப் பத்தி அவனும் நெனைக்கல, நானும் நெனைக்கல. லேபுல குப்பி மாறிடுச்சுன்னு நான் சொன்னேன். உன் மாஸ்க்குல ஒட்டிக்கினு இருந்த ஈயம் எனக்குள்ள போயிருக்கும்னு அவன் சொன்னான். ஒரு மணி நேரம் மாஸ்க்கு போட்டா எண்பத்தாறு ஏறுமாடா முட்டாள்னு நான் கத்தினேன். ஊசியில ஏதாச்சும் இருந்திருக்கும்னான். இப்படியே ஏதேதோ பேசி, ஒண்ணும் வெளங்காம, ஆளுக்கு ஒரு டீ குடிச்சிட்டுப் போனோம்.

என்னை ஊட்டுக்கு அனுப்பல. டாக்டரம்மா மணவாளன்கிட்ட சண்டை போட்டிருக்காங்க, ஆளை அனுப்பிட்டா ஈயம் போயிடுமா, மொதல்ல பர்னஸைப் பாருங்கன்னு. ரெண்டு நாளு பர்னஸ் கிட்டயே வந்து நின்னு பாத்தாங்க. அதுக்கு மேல பெருசா ஒரு கூண்டு மாட்டி, புகையை இழுக்கிறதுக்கு ஃபேன் வெக்கச் சொன்னாங்க. இருபத்தேழாம் நம்பர் ரத்தத்தைக் காட்டியே வெக்கவெச்சாங்க. என்னை யார்டுல லோடு எண்ணுற வேலைக்கு மாத்துனாங்க. டீக்கடைக்காரன் ரத்தத்துக்கு பர்னஸ்ல ஃபேன் ஓடிச்சு. அப்பயும் நான் சாயந்திரம் சாயந்திரம் கோணியை ரொப்பிக் கொண்டு போயி அவன்கிட்ட குடுத்தேன். யார்டுல வேலைன்னதால இப்போ மரம் கைக்கெட்டின தூரத்துல. இன்னும் அமுக்கி ரொப்பினேன்.

டாக்டரம்மா எனக்கு மாத்திரை குடுத்தாங்க. "இதைச் சாப்பிடறப்போ ஈயத்துக்கிட்டயே போகக்கூடாது, போனா ஈயம் இன்னும் அதிகமா உடம்புல ஏறும்"ன்னாங்க. கொண்டுபோயி கஜபதிகிட்ட குடுத்தேன். ரத்தம் அவனுதுன்னா மாத்திரையும் அவனுதுதானே? அவன்தான் ஈயத்துக்கிட்டயே போறதில்ல, பிரச்சினை இல்லேன்னு நெனைச்சேன். இப்படி ஒரு அறிவாளி நானு.

ஒரு மாசம் போச்சு. கஜபதிக்கு வயித்தைச் சுருட்டிச் சுருட்டிப் புடிக்க ஆரம்பிச்சிடுச்சு. முன்னாடியும் வரும், சூடுன்னு மோரைக் குடிச்சிட்டுப் போவான். இப்போ அடுப்பு முன்னாடியே மடங்கிக் குந்திடுவான். நாலு நாளைக்கு ஒரு தபாதான் வெளிய போவும். யாருகிட்டயும் ஒரு சுடுசொல்லு சொல்லாதவன், டீயில சக்கரை கம்மின்னு சொன்னவன் மேல கிளாஸை வீசிட்டான். வசந்தகுமாரி பயந்துபோயி என்கிட்ட வந்தா. "அண்ணே, அவரு இன்னாமோ மாதிரி இருக்காரு. நீ கேளு, உன்கிட்ட சொல்லுவாரு."

நான் கஜபதியைக் கொட்டகைக்கு வெளிய இழுத்துக்கினு வந்து, "ஈ-ன்னு காட்டு"ன்னேன். காட்டினான். நல்ல பகல் வெளிச்சம். கீழ் ஈறுல, பல்லை ஒட்டி, பேனாவால இழுத்தாப்புல நீலக் கோடு.

 குப்பியும் மாறல, ஊசியும் இல்ல. அது இவன் ரத்தம்தான். ஆனா எப்படி? எங்கேர்ந்து?

"வா, டாக்டரம்மாகிட்ட போலாம்"னேன்.

"போயி இன்னா சொல்லுவ? ஆளை மாத்தி ரத்தம் குடுத்தோம்னா? உனக்கு வேலை போவும், எனக்குக் கடை போவும். வசந்தாவை வெச்சிக்கினு நான் எங்க போவேன்? சொல்லமாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு மாமே."

பண்ணினேன். அதான் நான் செஞ்சதுலயே பெரிய தப்புன்னு சில நாளு தோணும். அதுக்கு முன்னாடி செஞ்சது எல்லாம் தெரியாம செஞ்சது. இது தெரிஞ்சு செஞ்சது. அடுத்த வாரம் டாக்டரம்மா வந்தப்போ அவன் நோவையெல்லாம் என் நோவுன்னு சொல்லி மருந்து கேட்டேன். "போன தடவை ஒண்ணும் இல்லேன்னீங்களே"ன்னு என்னை ஒரு மாதிரியா பாத்தாங்க. "வாயைக் காட்டுங்க"ன்னாங்க. காட்டினேன். கோடு இல்ல. எழுதிக்கினு இருந்தவங்க பேனாவை மூடி வெச்சிட்டாங்க. "தேவராஜ், எங்கிட்ட எதையோ மறைக்கிறீங்க"ன்னாங்க. நான் எழுந்து வந்துட்டேன்.

அன்னிக்கே பத்து மணி டீ. இருபது பேரு சுத்தி நிக்கிறாங்க. கஜபதி வழக்கம்போல வலது கையைத் தூக்கினான். தோளு தூக்குச்சு, முழங்கை தூக்குச்சு, மணிக்கட்டு மட்டும் தொங்கிடுச்சு. குவளை கவுந்து கொதிக்கிற டீ அவன் தோள் மேலயே ஊத்திச்சு. அவன் கத்தக்கூட இல்ல. கையைப் பாத்தான். விரலை நிமித்தப் பாத்தான், நிமிரல. இடது கையால அதைத் தூக்கிவெச்சான், வுட்டதும் திரும்பத் தொங்கிடுச்சு. என்னைப் பாத்து, "மாமே, இன்னா மாமே இது?"ன்னான்.

சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது. ஓடினேன். டாக்டரம்மா ஆட்டோவுல ஏறிக்கினு இருந்தாங்க. ஆட்டோவை மறிச்சுக்கினு நின்னேன். "மேடம், எண்பத்தாறு என்னுது இல்ல, டீக்கடைக்காரனுது! அவன் கை வுழுந்துடுச்சு!"

அந்தம்மா என்னைத் திட்டுவாங்கன்னு பாத்தேன்.  பையைத் தூக்கிக்கினு கொட்டகைக்கு நடந்தாங்க. கஜபதி கையைப் பாத்தாங்க, ஈறைப் பாத்தாங்க. அப்புறம் கொட்டகையைச் சுத்திச் சுத்திப் பாத்தாங்க. தண்ணிப் பானையைப் பாத்தாங்க, டீத்தூளை மோந்து பாத்தாங்க. கடைசியில அடுப்புக்கிட்ட குந்துனாங்க. கோணியிலேர்ந்து ஒரு மரப்பட்டையை எடுத்து நகத்தால சொரண்டினாங்க. சாம்பல் கலருல பொடி உதிர்ந்துச்சு.

"இந்த விறகு எங்கேர்ந்து வருது?"

கஜபதி பட்டுனு சொன்னான், "வெளிய மண்டியில வாங்குறேம்மா."

கை தொங்கிக்கினு கெடக்குது. அப்பயும் பாவி என்னைக் காப்பாத்தப் பாக்குறான். 

"நான்தான் குடுக்கிறேன் மேடம். உள்ள பேட்டரி உடைக்கிற மரம். ஒம்பது வருஷமா நான்தான் குடுக்கிறேன்."

அந்தம்மா கண்ணை மூடித் திறந்தாங்க. "இது விறகு இல்லைங்க. இந்த மரம் பூரா ஈயம் ஊறியிருக்கு. எரிச்சா புகையில வரும், சாம்பல்ல தங்கும்."

"சாம்பல்லயா?" சேதி கேட்டு ஓடியாந்திருந்த வசந்தகுமாரிதான் கேட்டா. "அதுலதானே அவரு பல்லு தேய்க்கிறாரு. நான் பாத்திரம் தேய்க்கிறேன்."

"வீட்டுலயும் இதே விறகுதானா?"

"ஆமாம்மா. அண்ணந்தான் கட்டிக் குடுக்கும்."

"குழந்தைங்க இருக்காங்களா?"

வசந்தகுமாரி அடுப்பையே பாத்தா. கஜபதிதான் தலையைக் குனிஞ்சுக்கினு, "ரெண்டு தபா தங்கலம்மா"ன்னான். டாக்டரம்மா கையில இருந்த பட்டையைக் கோணியிலயே போட்டாங்க. அப்புறம், "அதுக்கு இதுதான் காரணம்னு என்னால சொல்ல முடியாது. இல்லேன்னும் சொல்ல முடியாது"ன்னாங்க.

வசந்தகுமாரி என் பக்கம் திரும்பிப் பாத்தா. திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பேன். அந்தக் கோணியைத் தூக்கிக்கினு போயி கொட்டகைக்கு வெளிய வெச்சா.

அன்னிக்கே கஜபதியைப் பெரியாஸ்பத்திரியில சேத்தாங்க. டாக்டரம்மாவே கூடப் போனாங்க. ரெண்டரை மாசம் இருந்தான், ஊசி மேல ஊசி. வசந்தகுமாரிக்கும் ரத்தம் பாத்தாங்க, நாப்பத்தி எட்டு. என்னை வேலையை வுட்டு எடுத்துட்டாரு மணவாளன். டாக்டரம்மா எவ்ளோ சொல்லியும் கேக்கல. அதுல எனக்கு அவர் மேல கோவமில்ல, அவரு எடத்துல நான் இருந்தா செருப்பால அடிச்சிருப்பேன். டோக்கனைக் கழட்டிக் குடுக்கப்போன அன்னிக்கு, டாக்டரம்மா என் கையைப் புடிச்சு என் நெச ரத்தத்தை எடுத்தாங்க. அதோட ரிசல்ட்டை எனக்குக் கார்டு போட்டு அனுப்பினாங்க. முப்பத்தி ஒண்ணு. அவ்ளோதான். எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே புகை ஒத்துக்காது, எப்பவும் மூஞ்சியில ஈரத்துண்டு கட்டிக்கினுதான் நிப்பேன், குளிக்காம ஊட்டுக்குப் போவமாட்டேன். அதனாலயா இருக்கும்னு எழுதியிருந்தாங்க.

இப்போ சொல்லுங்க. இப்போ கேள்வி கேக்கலாம் நீங்க. நான் ஒழுங்கா என் கையை நீட்டியிருந்தா முப்பத்தி ஒண்ணு வந்திருக்கும். எனக்கு வேலை போயிருக்காது. ஆனா டீக்கடைக்காரன் ரத்தத்தை எவன் பாத்திருப்பான்? லிஸ்ட்டுல அவன் பேரே கிடையாதே! கை வுழுந்தாலும் பக்கவாதம்னு சொல்லி நாட்டு மருந்து தடவிக்கினு இருந்திருப்பான். சாவுற வரைக்கும் நானும் விறகு கொண்டாந்து கொட்டியிருப்பேன். அப்போ நான் செஞ்ச ஏமாத்துவேலைதான் அவனைக் காப்பாத்துச்சா? நான் ஆசையா செஞ்ச உதவிதான் அவனைக் கொல்லப் பாத்துச்சா? நல்லது செஞ்சது தப்பாவும், தப்பு செஞ்சது நல்லதாவும் ஆனா மனுஷன் எதை நெனைச்சு வருத்தப்படுறது? வேலப்பன்சாவடியில ஹாலோ பிளாக் கல்லு அடுக்கிக்கினு இதையே நெனைப்பேன். தலை வெடிக்கும். கல்லைக் கீழ போட்டு உடைச்சிட்டு மேஸ்திரிகிட்ட திட்டு வாங்குவேன்.

மேனாம்பேட்டை வுட்டுக் காலி பண்ணிட்டு ஐயப்பன்தாங்கல் பக்கம் வந்துட்டேன். அவங்க மூஞ்சியில முழிக்கத் தைரியம் இல்ல. ரெண்டு வருஷம் அந்தப் பக்கமே போவல. தொண்ணூத்தி ஆறு தை மாசம், பழைய கம்பெனியிலேர்ந்து வரவேண்டிய பேப்பர் ஒண்ணு வாங்கப் போவவேண்டியதாயிடுச்சு.

கம்பெனி கேட்டுக்கிட்ட நின்னேன். கொட்டகை இருந்துச்சு. உள்ள இல்ல, காம்பவுண்டுக்கு வெளிய ரோட்டோரமா எடம் மாத்திக் குடுத்திருந்தாங்க. கஜபதி பெஞ்சுல ஒக்காந்திருந்தான். என்னைப் பாத்ததும், "மாமே! உயிரோட கீறியா நீ?"ன்னு கத்தினான். பக்கத்துல இழுத்து ஒக்காரவெச்சான். தலையெல்லாம் நரைச்சுப்போயிருந்துச்சு. வலது கை மடியில கெடந்துச்சு. சட்டைப் பையிலேர்ந்து ஒரு டோக்கனை எடுத்துக் காட்டினான். இருபத்தேழு. இப்போ கம்பெனிக்குள்ள கால் வெக்கிற எல்லாருக்கும் ரத்தம் பாக்கணும்னு டாக்டரம்மா அடிச்சுப் பேசி வாங்கிட்டாங்களாம். வாட்ச்மேனு, கூட்டுற ராஜம்மா, டீ குடுக்கப்போற இவன், எல்லாரும் லிஸ்ட்டுல. மரத்தை வெளிய எடுத்துக்கினு போனா வேலை காலி. காலியா இருந்த நம்பரை இவனுக்குக் குடுத்துட்டாங்க. "உன் நம்பர்தான் மாமே. கடைசியா முப்பத்தெட்டுக்கு எறங்கிடுச்சு"ன்னான், பரிச்சையில பாஸ் ஆனாப்புல.

நான் கேட்டுட்டேன். "மச்சான், என்மேல கோவம் இல்லியாடா?"

"எதுக்கு? விறகு குடுத்ததுக்கா, ரத்தம் குடுக்கச் சொன்னதுக்கா?"

"தெரியலடா."

"எனக்கும் தெரியல மாமே. நானும் யோசிச்சுப் பாத்துட்டேன். வுடு."

வசந்தகுமாரி உள்ள டீ ஆத்திக்கினு இருந்தா. அவன் ஆத்துற ஒசரம் இல்ல, ஒரு ஜாண்தான். என்னை நிமிந்து பாக்கல. ஒரு கிளாஸை எடுத்துக்கினு வந்து பெஞ்சு மேல, எனக்கும் அவனுக்கும் நடுவுல வெச்சா.  குடிக்கணும், கை போவல. வாயிலேர்ந்து தானா வந்துடுச்சு.

"இது எந்த அடுப்புல போட்டதும்மா?"

கேட்டதும் நாக்கைக் கடிச்சிக்கினேன். என்ன மனுஷன் நானு! இத்தினி வருஷம் விஷத்தைக் கட்டிக் குடுத்தவன் இன்னிக்கு இதைக் கேக்குறேன். அவ நின்னா. அன்னிக்கு அந்தக் கோணியைத் தூக்கி வெளிய வெச்சதுக்கு அப்புறம் இப்பதான் என் மூஞ்சியைப் பாத்தா.

"கெரசின் ஸ்டவ்வுண்ணே. குடி."

நான் அழுதேன். வெக்கமில்லாம ரோட்டோரத்துல ஒக்காந்து அழுதேன். கஜபதி மடியில கெடந்த வலது கையை எடுத்தான். தூக்க வரல. பெஞ்சு மேல வெச்சு, மடங்கின விரலோட பின்பக்கத்தால கிளாஸை மெல்ல மெல்ல என் பக்கமாத் தள்ளினான்.